ஆனைப்பாறையில் அமர்த்தப்பட்ட கணினி குறித்துத் தாழைநாட்டு அரசிக்கு

‘இதுக்கு முகமே இல்லியே தாத்தா, இது யாரைப் பாக்கும்?’ என்று ஒரு குழந்தை கேட்டது. அக்கேள்விக்கு இன்றளவும் விடை சொல்லத் தெரியாமல் தலைகவிழ்ந்து நிற்கும் வேங்கைநாட்டின் மன்னர், குளிராற்றின் ஊற்றுக்கண் காவலர், மலைநெடுங்கோ அவர்களின் திருவாய்மொழிப்படி, பேரமைச்சர் அறவாழி தம் கையாலேயே எழுதிய ஓலை.

குளிராற்றின் கீழ்க்கரைகளையும் உப்பங்கழிகளையும் நாணற்காடுகளையும் தாயினும் பரிந்து காக்கும் தாழைநாட்டுப் பேரரசி செம்மலைநாச்சியார் அவர்கள் இதனைத் தனித்திருந்து காண்க. தங்கள் நாட்டில் மழை அளவறிந்து பெய்க, கதிர் தலைசாய்க, கன்று வயிறார உண்க என்று எழுதுவதே இரு நாட்டு ஓலைகளின் மரபு. இம்முறை அவ்வாழ்த்தை எழுதுகையில் எழுத்தாணி கூசுகிறது. ஆயினும் வாழ்த்தாமல் ஓலை தொடங்குவது தெய்வத்துக்கு ஆகாது என்பதால், எஞ்சியிருப்போர்க்கேனும் இறைவன் எஞ்சியதைக் காப்பானாக.

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. நாணற்படுகை என்னும் ஊரை ஆறு கொண்டுபோனதற்குக் காரணமான மனிதனைக் கைகட்டித் தங்கள் கரைக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் கேட்கப்பட்டிருந்தது. கேட்டது முறையே. அம்மனிதன் மறைக்கப்படவில்லை, தப்பி ஓடவும் இல்லை. பெயர் தவசிக்கண்ணர். இந்நாட்டில் ‘அமர்த்துநர்’ என்னும் பணியைச் செய்து வந்தவர். அவரை அனுப்புமுன் அவர் யார், செய்தது என்ன என்பதைத் தாங்கள் அறிவது நலம். அவரைக் காப்பாற்றும் வாதமாக இது எழுதப்படவில்லை. காப்பாற்ற வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

இந்நாட்டு வழக்கம் ஒன்று தாழைநாட்டில் இல்லை. மலைநாட்டில் கணினி வந்த காலத்தில் அது ஒரு பெரும்பெட்டி, அதன்மேல் கண்ணாடித் திரை, அதன்முன் விசைப்பலகை, அதற்கும் முன் ஒரு நாற்காலி. அந்நாற்காலியில் அமர்பவர் ஒருவரே. ‘ஆளுக்கொரு கணினி, கணினிக்கொரு ஆள்’ என்று அந்நாளைய மன்னர் சட்டம் செய்தார். ஒருவர் கணக்கும் கடிதமும் பாட்டும் வழிபாடும் அவருடைய பெட்டிக்குள்ளேயே இருந்ததால், அது அவருடைய இரண்டாம் உடல் என்று மக்கள் எண்ணினார்கள். எனவே ஆள் மறைந்ததும், உடல் வாசலைத் தாண்டுமுன், அவருடைய கணினியையும் அமர்த்திவிட வேண்டும். விளக்கை அணைத்தாய் என்று சொல்லாமல் அமர்த்தினாய் என்று சொல்வது போலவே இச்சொல்லும் வந்தது. தலைவர் போன பின்னும் கணினி விழித்திருந்தால் போனவர் வழி தெரியாமல் வாசலிலேயே நிற்பார் என்பது இம்மலையில் பாலுடன் ஊட்டப்படும் நம்பிக்கை. அச்சடங்கைச் செய்பவரே அமர்த்துநர்.

தவசிக்கண்ணர் அப்பணியை இரைச்சல் இல்லாமல் செய்பவர். சாவு வீட்டுக்குப் போனால் முதலில் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஓரமாக அடுக்கிவைப்பார்; அழுபவர் இடறி விழக்கூடாதே என்று. பிறகு திரையில் திறந்திருப்பவற்றை ஒவ்வொன்றாக மூடுவார். பாதியில் நிற்கும் கடிதத்தைப் படிக்காமலே மூடுவார். திரை இருண்டதும் அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, ‘பாத்தது போதும், படுத்துக்க’ என்பார். இதற்காக அவர் எவரிடமும் கைநீட்டி எதுவும் வாங்கியதில்லை. கொடுத்தால் ஒரு வாய் மோர் குடிப்பார்.

இனி, உமையாண்டாள் என்ற பெண்ணைப் பற்றி. அவள் பிறந்தது தங்கள் நாணற்படுகையில். வாழ்க்கைப்பட்டது இம்மலையில், ஆனைப்பாறைக்கு மேலேயுள்ள சிற்றூரில். மலையில் மழை பெய்தால் வெள்ளம் கீழே போய்ச் சேரப் பாதிப் பகல் ஆகும். முற்காலத்தில் பறையோடு ஆட்கள் கரையோரமாக ஓடிச் சொல்வார்கள். சில ஆண்டு ஓடினார்கள், சில ஆண்டு தூங்கினார்கள். பிறந்த ஊரை ஓடுபவர் கால்களை நம்பி விட்டுவைக்க மனம் வராத உமையாண்டாள், உள்ளங்கை அகலமே உள்ள ஒற்றைப் பலகைக் கணினி ஒன்றை வாங்கினாள். பெட்டி இல்லை, திரை இல்லை, விசைகள் இல்லை. பச்சை நிறப் பலகை ஒன்று. அதன்மேல் எறும்பு மொய்த்ததுபோல் சில கறுப்புச் சில்லுகள். நகத்தளவில் ஒரு நினைவு அட்டை. ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. அவ்வளவுதான். அதைப் பித்தளைச் சம்புடத்துள் வைத்து, மூடியில் துளையிட்டு, வெயிலில் மின்சாரம் எடுக்கும் தகடு ஒன்றையும் பொருத்தி, ஆனைப்பாறையின் மடிப்பில் வைத்தாள். அது ஆற்றின் உயரத்தை அளந்துகொண்டே இருக்கும். அளந்ததைக் காற்றின் வழியே நாணற்படுகைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அங்கே ஊர்மன்றத்தில் நின்ற பெரிய கணினி அதைத் திரையில் காட்டும். ஆறு எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால் மன்றத்து மணி அடிக்கும்.

ஊரார் அவளைக் கேலி செய்யாமல் இல்லை. சாட்சியாக வந்தோர் சொன்னதை அவரவர் வாய்மொழியிலேயே எழுதுவது இந்நாட்டு முறை என்பதால் அப்படியே எழுதலாயிற்று. ‘ஊரு உலகத்துல கணினி வாங்குனா மேசை வாங்குவாக, நீ என்னடின்னா ஊறுகாச் சம்புடம் வாங்கிட்டு வாரே’ என்று பக்கத்து வீட்டார் சிரித்தபோது, ‘மேசை நமக்குத்தான மதினி வேணும், அதுக்கெதுக்கு? அது என்ன சம்மணம் போட்டா உக்காரப்போகுது’ என்று அவள் சொன்னாளாம். ‘சரி, அதுல நீ என்ன பாப்பே?’ என்று கேட்டதற்கு, ‘நான் ஒண்ணும் பாக்க மாட்டேன். அது பாக்கும், நான் தூங்குவேன்’ என்றாளாம். கணினி என்றால் அதன்முன் ஒருவர் அமர வேண்டும் என்ற எண்ணத்தை இம்மலையில் முதலில் விட்டவள் அவள்தான் போலும். அவள் சொன்னதை அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சிரித்துவிட்டு அடுப்பு வேலைக்குப் போய்விட்டார்கள்.

உமையாண்டாள் காய்ச்சலில் மறைந்தாள். நாணற்படுகையிலிருந்து அவள் தங்கை முத்தாரம் என்பவள், தன் பெண் குழந்தை தேனு இடுப்பில் இருக்க, ஊரார் சிலரோடு வந்து சேர்ந்தாள். முத்தாரம் கணவனை இழந்தவள். அக்காள்தான் அவளுக்குத் தாய்வீடு. தவசிக்கண்ணர் வழக்கம்போல் செருப்புகளை அடுக்கிவிட்டு, வீட்டிலிருந்த பெரிய கணினியை மூடித் துணி போர்த்தி, தம் பணி முடிந்தது என்று புறப்பட்டார். சட்டப்படி முடிந்துவிட்டது. திரை என்னும் முகம் உள்ளதே கணினி, முகம் இல்லாதது கருவி என்பதே அவர் கற்ற பாடம். பாறையில் இருந்ததை அமர்த்த எந்த ஆணையும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஆயினும் அவர் ஆனைப்பாறைக்குப் போனார். ஏன் போனார் என்பது இவ்வோலையின் பிற்பகுதியில் வரும்.

அவர் பாறை ஏறும்போது குழந்தை தேனு கூடவே ஓடிவந்தாள். சம்புடத்தின் மூடியைத் திறந்ததும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அவள் கேட்ட கேள்விதான் இவ்வோலையின் தலைப்பில் நிற்கிறது. தவசிக்கண்ணர் குந்தி உட்கார்ந்து, ‘ஒங்க பெரியம்மாவைத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு, தாயி. அவுக போயிட்டாகல்ல, இனி அதுவும் கண்ணை மூடிக்கட்டும்’ என்றார். பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. மூடுவதற்குத் திரை இல்லாததால் அவர் என்ன செய்வதென்று சிறிது தயங்கினார். பிறகு கைகூப்பிவிட்டு, மின்கம்பியை மெல்ல உருவினார். போர்த்துவதற்குக் கொண்டுவந்த துணி பெரிதாக இருந்தது. நாலாய் மடித்துப் போர்த்தினார். குழந்தை பாறையிடுக்கில் பூத்திருந்த ஏதோ ஒரு பூவைப் பறித்து அதன்மேல் வைத்தாள்.

அன்பாகச் செய்த செயல் அது. அவர் அச்சம்புடத்தைத் தொட்ட கையில் ஒரு துளி அலட்சியமும் இருக்கவில்லை. சிறு அன்புகளே உலகைத் தாங்கும் என்று நாள்தோறும் கோயில் வாசலில் நின்று சொல்லிவந்த இவ்வமைச்சர், இவ்வரியை எழுதியபின் நெடுநேரம் எழுத்தாணியைக் கீழே வைத்திருந்தார்.

துக்க நாட்கள் முடியும்வரை அக்காள் வீட்டில் விளக்கேற்ற முத்தாரம் தங்கினாள். குழந்தையை ஊராரோடு நாணற்படுகைக்கு அனுப்பினாள். இங்கே இருந்தால் விளையாடத் துணை இல்லை, அங்கே என்றால் ஆற்றங்கரை முழுக்கக் குழந்தைகள் என்று எண்ணி அனுப்பினாள்.

பின்பு மலையில் மழை பிடித்தது. விடியலில் தொடங்கி நண்பகலுக்குள் ஆறு ஆனைப்பாறையின் கழுத்தைத் தொட்டது. நாணற்படுகையிலோ வானம் வெளுத்திருந்தது; வெயில் சுள்ளென்று அடித்தது; நாற்று நட வயலில் இறங்கியிருந்தார்கள். ஆற்றில் செந்நிறம் கண்டு ஐயுற்ற ஒருவர் மன்றத்துக்குப் போய்த் திரையைப் பார்த்தார். திரையில் ‘முழங்கால் நீர்’ என்றிருந்தது. பாறையிலிருந்து செய்தி வருவது நின்றுவிட்டால், கடைசியாக வந்த செய்தியையே அத்திரை காட்டிக்கொண்டிருக்கும் என்பது அங்கு எவருக்கும் தெரியாது. செய்தி நின்றால் அதையும் சொல்லும்படி ஒரு குறி சேர்க்க வேண்டும், அடுத்த முறை வரும்போது செய்கிறேன் என்று உமையாண்டாள் மலையில் பக்கத்து வீட்டாரிடம் சொல்லியிருந்தாளாம். அடுத்த முறை அவள் வரவில்லை. ‘பெரிய கணினியே முழங்காலுன்னு சொல்லுது, நீரு என்னத்த கண்டீரு’ என்று சொல்லிச் சிரித்து வயலுக்குத் திரும்பினார்கள் என்று தப்பிவந்த முதியவர் ஒருவர் சொன்னார். பெட்டியும் திரையும் உடைய அந்தப் பெரிய கணினிதான் ஆற்றைப் பார்க்கிறது என்றே ஊர் முழுதும் நம்பியிருந்தது. அது ஒரு கண்ணாடி மட்டுமே. கண் இங்கே, எங்கள் பாறையில், நாலாய் மடித்த துணிக்கடியில் மூடிக் கிடந்தது.

அதே நண்பகலில் தவசிக்கண்ணர் மேலைத்துறையில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடக்காரர் வல்லவராயர் ஓடத்தை இழுத்து மரத்தில் கட்டிக்கொண்டிருந்தார். ‘பாவம், கீழ ஊருக்காரக மேடேறியிருப்பாகளா’ என்று ஓடக்காரர் வருந்தியபோது, தவசிக்கண்ணர் அவரைத் தேற்றும் விதமாக, ‘அங்கதான் மணி இருக்கே அப்பா, இந்நேரம் அடிச்சிருக்கும்’ என்றார். அதற்கு ஓடக்காரர், ‘மணி தானாவா அடிக்கும்? பாறையில உமையாண்டா வச்சிருக்கால்ல சம்புடம், அது சொன்னாத்தான் அடிக்கும்’ என்றார்.

அதைக் கேட்டதும் தவசிக்கண்ணர் பாறையை நோக்கி ஓடினார் என்று ஓடக்காரர் சொன்னார். அந்த வயதில் அப்படி ஓடி எவரையும் கண்டதில்லை என்றார்.

சம்புடம் நனையவில்லை. துணியை வீசியெறிந்துவிட்டுக் கம்பியைச் செருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை விளக்கு எரியவில்லை. உருவினார், துடைத்தார், மறுபடி செருகினார். சிவப்பு எரிந்தது. அவ்வளவே. அத்தகைய பலகைகளை முறைப்படி உறங்கச் செய்யாமல் திடீரென மின்சாரத்தைத் துண்டித்தால், எழுதிக்கொண்டிருந்த எழுத்து பாதியில் சிதைந்து, நினைவு அட்டை முழுதும் பாழாவது உண்டு என்று பின்னர் அறிஞர்கள் கூறினார்கள். பெரும்பெட்டியை மூடத் தெரிந்த கைக்கு இச்சிறு பலகையை மூடத் தெரியவில்லை. அவர் பாறையின் உச்சியில் ஏறிக் கீழ்த்திசை நோக்கிக் கத்தினார். ஆற்றின் இரைச்சலில் அக்குரல் துறைக்கே எட்டவில்லை. ஆள் அனுப்பப்பட்டார், ஆற்றைவிட விரைவாக ஓடும் ஆள் இல்லை.

நாணற்படுகையில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அதை இங்கிருந்து எழுதுவது பிறர் புண்ணைக் கோலால் குத்துவதாகும். வயல்களின்மேல் ஆள் உயரம் மணல் நிற்கிறது என்றும், இனி அங்கே ஊர் இல்லை என்றும் கேள்விப்பட்டோம். போனவர்களுள் குழந்தை தேனுவும் ஒருத்தி.

மன்னர் அவையில் விசாரணை நடந்தது. பாறையில் இருந்ததை அமர்த்தச் சொன்னது யார் என்று தவசிக்கண்ணரைக் கேட்டார்கள். ‘யாரும் சொல்லல. நானாத்தான் போனேன். அதுவும் பாவம், தனியா முழிச்சுக்கிட்டு இருக்கேன்னு தோணுச்சு’ என்றார். அவையோர் மும்முறை கேட்டும் அதையே சொன்னார். அன்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை. சிறையில் பூட்டும்படி அவரே கேட்டுக்கொண்டார். பூட்ட மனமில்லாத காவலர் மேலைத்துறைக் காவற்குடிலில் அவரை இருத்தினார்கள். நாள்தோறும் வைத்த கிண்ணம் வைத்தபடியே இருந்தது. ‘அய்யா, எங்க சமையல் புடிக்கலன்னா சொல்லிரும், இப்பிடிப் பட்டினி கெடந்து எங்க மானத்த வாங்காதீரும்’ என்று ஒரு காவலர் வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தார். அவர் சிரித்து, கிண்ணத்தை மெல்லத் தள்ளிவைத்தார். தங்கள் நாட்டுக்குத் தம்மை அனுப்பும் நாள் எப்போது என்பது ஒன்றையே கேட்டார்.

இவ்வளவும் அவையில் எழுதப்பட்டது. இனி வருவது எந்த ஏட்டிலும் இல்லை. இதற்காகவே அவையில் ஓலை எழுதும் ஓலைநாயகம் வெளியே அனுப்பப்பட்டு, அமைச்சர் தம் கையால் எழுதுகிறார்.

முந்தாநாள் காலை, வழிபாட்டறையில் அமைச்சர் தனித்திருந்தபோது, முத்தாரம் வந்தாள். தலை முடியாமல் வந்தாள். அமரச் சொன்னதற்கு அமரவில்லை. ‘கம்பியை உருவச் சொன்னது நான் சாமி’ என்றாள். சாவு வீட்டில் தவசிக்கண்ணர் புறப்பட்டபோது அவர் பின்னே ஓடிப்போய், வேலிப்படலருகே நிறுத்தி, ‘அய்யா, அக்கா பாறையில ஒரு சின்னக் கணினி வச்சிருக்கா. அது முழிச்சுக்கிட்டு இருந்தா அக்கா எப்பிடிப் போவா? அதையும் அமத்திருங்க, உங்களுக்குக் கோடி புண்ணியம்’ என்று அவளே கெஞ்சினாள். அது முகமில்லாதது, சட்டத்தில் இல்லை என்று அவர் முதலில் சொன்னார். அவள் அழுதாள். அழுபவளை நிற்கவைத்துச் சட்டம் பேச அவருக்கு வரவில்லை. போனார். அந்தப் பெட்டியும் திரையும் உடைய மன்றத்துக் கணினிதான் ஆற்றைப் பார்க்கிறது, அக்காள் வைத்தது ஏதோ அவள் ஆசைக்கு வைத்தது என்று அவளும் ஊராரைப் போலவே எண்ணியிருந்தாள்.

எஞ்சிய ஊரார் இப்போதே அவளை, ‘பிள்ளைய ஆத்துக்குக் குடுத்துட்டு அக்கா வீட்டுத் திண்டுல சாஞ்சிருந்தவ’ என்று ஏசுகிறார்கள். இதுவும் தெரிந்தால் அவளுக்கு எந்தக் கரையிலும் நிற்க இடமிருக்காது. அதை அறிந்தே தவசிக்கண்ணர் வாய் திறக்கவில்லை. ‘அவரு உசுரோட எம்பேரையும் சேத்துப் புதைச்சுக்கிடப் பாக்குறாரு சாமி. எம்புள்ள போனது போதும். அந்த மனுசன் எம்பொருட்டுப் போகவேண்டாம். எழுதிருங்க’ என்றாள். அதனால் எழுதப்பட்டது.

அரசியாரே, இவ்விருவரில் எவர்மேல் பழி என்று தீர்க்கும் அறிவு இந்நாட்டுக்கு இல்லை. அமைச்சர் இரு நாளாய் எண்ணிப் பார்த்துவிட்டார். ஒரு காலத்தில் கணினி என்றால் அதன் எதிரில் ஒரு நாற்காலி இருந்தது. நாற்காலி காலியானால் பெட்டியை மூடுவது நியாயமாக இருந்தது. இன்றோ உள்ளங்கைக்குள் அடங்கும் பலகைகள் மதகுகளிலும் மாட்டுத்தொழுவங்களிலும் கோபுர மாடங்களிலும் பாறை மடிப்புகளிலும் இருந்துகொண்டு, எவர் எதிரிலும் அமராமல், எங்கோ இருக்கும் எவருக்காகவோ விழித்திருக்கின்றன. வைத்தவர்கள் மறைந்துகொண்டே இருக்கிறார்கள். எந்தக் கம்பியை உருவினால் எந்த ஊர் மூழ்கும் என்று இன்று எவருக்கும் தெரியாது. இந்நாடு பழைய சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய பொருளுக்கு அதைக் கைகூப்பிச் செய்தது. கொடியவர் செய்த தீமையாயிருந்தால் கொடியவரைத் தண்டித்து மனம் ஆறலாம். இதற்கு ஆறும் வழி தெரியவில்லை.

மன்னரின் ஆணைகள் இவை. எவர் மறைந்தாலும், அவர் வைத்த எந்தக் கணினியையும், முகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது எவ்வூருக்குப் பேசுகிறதோ அவ்வூரார் வந்து சொல்லும்வரை யாரும் அமர்த்தலாகாது. அமர்த்துநர் பணி இன்றோடு நீங்குகிறது. ஆனைப்பாறையில் வேறொரு பலகை வைக்க அறிஞர்கள் முயல்கிறார்கள். உமையாண்டாள் அப்பலகைக்கு எழுதிய கட்டளைகள் அழிந்துவிட்டன. அவளைப் போல் எழுத இதுவரை எவர்க்கும் கைவரவில்லை. கைவந்தாலும் கேட்க அங்கே ஊர் இல்லை. ஆணை பிறந்தது, பிறந்த காலம் பிந்திவிட்டது. இதையும் மறைப்பதற்கில்லை.

தவசிக்கண்ணர் இவ்வோலை கொண்டுவரும் ஓடத்திலேயே வருகிறார். கை கட்டப்படவில்லை. முத்தாரம் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை; தாங்களும் சொல்லாதிருக்க வேண்டுகிறோம். தாங்கள் அவரைக் கேட்டால், தாமாகவே போனதாகவே சொல்வார். அப்படியே கேட்டுக்கொள்க. தண்டிப்பதாயின் தண்டிக்க, விடுவதாயின் விடுக. இன்னது செய்க என்று கேட்கும் தகுதி இந்நாட்டுக்கு இல்லை. முத்தாரத்தின் பெயரை மட்டும் தங்கள் அவையில் எவரும் அறியாதிருக்கட்டும். படித்தபின் இவ்வோலையைத் தீயிலிடுக. மழையும் வெயிலும் ஆளும் இறைவன், இரு கரைகளிலும் அழுவோர் அருகில் சிறிது நேரம் அமர்வானாக. வேங்கைப் பொறி இடப்பட்டது.

பொறியின் மெழுகு ஆறுமுன் ஓலையின் ஓரத்தில் எழுதியது:

போகுமுன் முத்தாரம் ஒன்று கேட்டாள். துறைக்குடிலுக்கு ஒருமுறை போய்வர வேண்டும், அங்கே ஒருவரும் இருக்கக்கூடாது என்றாள். காவலர் அனைவரும் ஓடத்துக்குக் கயிறு திரிக்க வேண்டும் என்று சொல்லித் துறையின் மறுகோடிக்கு அனுப்பப்பட்டார்கள். அவள் முந்தானையில் சோற்றுப் பொட்டலம் ஒன்றை முடிந்துகொண்டு குடிலுக்குள் போனாள். உள்ளே என்ன பேசினார்கள், பேசினார்களா என்பது யாருக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை. அவள் போனபின் காவலர் திரும்பி வந்து பார்த்தபோது தவசிக்கண்ணர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார். சோற்றுக் கிண்ணம் காலியாக, கழுவி, ஈரத்தோடு வாசலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.